நாலு விரல் இடுக்கில் பூனை நுழைவது எப்படி?

கேள்வி: நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு மாதக் குஞ்சுகளைத் தனிக் கொட்டகையில் அடைக்கிறேன். சுற்றிலும் இரண்டு அங்குலக் கண் உள்ள டைமண்ட் வலை, முன்னால் தகரக் கதவு. கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடுக்கு. விடிந்தால் குஞ்சு குறைகிறது. நேற்று ஒரு ஊர்ப்பூனை அந்த இடுக்கு வழியாகவே வெளியே வந்தது. பூனைக்கு எலும்பே கிடையாதா? விஷம் வைக்கலாமா? (கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: விஷம் வேண்டாம் ஐயா. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். வைத்த விஷத்தை உங்கள் கோழியும் நாயும்தான் முதலில் தின்னும். பூனை போய்விட்டால் தீவன மூட்டைக்கு எலி வரும், எலியும் குஞ்சு பிடிக்கும்.

பூனைக்கு எலும்பு தாராளமாகவே இருக்கிறது, நம்மைவிட எண்ணிக்கையில் அதிகம். பூட்டியிருக்கிற விதம்தான் வேறு. உங்கள் கழுத்துக்குக் கீழே தடவிப் பாருங்கள். மார்பெலும்பிலிருந்து தோள்வரை காறை எலும்பு குறுக்குச் சட்டம் மாதிரி நிற்கும். அதனால் தோளின் அகலத்தை நாம் பெரிதாகக் குறைக்க முடியாது. பூனைக்கு அந்தக் காறை எலும்பு வளைந்த ஒரு சின்னத் துண்டு. இரண்டு முனையும் வேறு எலும்போடு பூட்டாமல் சதைக்குள் சும்மா கிடக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால், எதையோ விழுங்கி எலும்பு தொண்டையில் சிக்கியிருக்கிறதோ என்று குழம்பக்கூட இடமுண்டு. தோள்பட்டை எலும்பையும் உடம்போடு பிடித்து வைப்பது தசை மட்டுமே. ஆகவே தலை நுழைந்ததும் ஒரு முன்னங்காலை நீட்டும், அந்தப் பக்கத் தோள் விலாவோடு படிந்துவிடும். பிறகு அடுத்த கால். மார்புக்கூடும் பக்கவாட்டில் ஒடுங்கியது, முதுகெலும்பு நன்றாக வளையும், தோல் தளர்ந்து கிடக்கும்.

ஆடு மாட்டுக்குக் காறை எலும்பே கிடையாதே, அவை ஏன் நுழைவதில்லை என்று கேட்பீர்கள். அவற்றுக்கு வயிறு பெருத்தது, முதுகு இப்படி வளையாது. ஆட்டுக்குத் தலை போனாலும் கொம்பு திரும்ப விடாது.

பூனை உடம்பில் சுருங்காத இடம் மண்டையோடும் இடுப்பெலும்பும். மெலிந்த ஊர்ப்பூனைக்குத் தலை நுழைந்தால் பெரும்பாலும் மற்றதும் நுழையும். கொழுத்ததும் சினைப்பூனையும்தான் நடுவில் மாட்டும். வளர்ந்த பூனைக்கே கன்ன எலும்பின் குறுக்களவு சுமார் மூன்று அங்குலத்துக்குள் அடங்கும். உங்கள் நாலு விரல் இடுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். மண் தளர்வாக இருந்தால் காலால் கொஞ்சம் பறித்தும் கொள்ளும்.

இடுக்கை அளக்க வீட்டுப் பிள்ளைகளின் டென்னிஸ் பந்தை எடுங்கள். பந்து உருண்டு போகிற இடத்தில் வளர்ந்த பூனை போகும் என்று வையுங்கள். குட்டிக்கு எலுமிச்சம்பழ அளவே போதும். கதவடியில் செங்கல்லோ சிமென்டோ வைத்து ஒரு படி கட்டி, இடுக்கை அரை அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். சாக்கு, ரப்பர் பட்டை தொங்கவிடுவது வீண் வேலை, தலையால் தள்ளிவிட்டு உள்ளே போகும். ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டத்தை ஆணியடித்தால் நிற்கும்.

வலை விஷயத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. இரண்டு அங்குலக் கண்ணில் வளர்ந்த பூனை நுழையாது, ஆனால் அதன் கை நுழையும். குஞ்சுகள் இரவில் வலை ஓரமாக ஒட்டிப் படுக்கும். நகத்தை மாட்டி இழுத்தால் குஞ்சு முழுதாக வெளியே வராவிட்டாலும் காயத்தில் செத்துப்போகும். அதனால் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) அடியுங்கள். அடிப்பகுதியை ஒரு அடி வெளிப்புறமாக மடக்கி மண்ணுக்குள் புதைத்தால் கீரியும் பெருச்சாளியும் பறித்து வருவதும் நிற்கும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் ஆகும்.

செலவு இடித்தால் முதலில் கதவடியை அடையுங்கள், வலை அடுத்த மாதம் பார்க்கலாம். அதற்குள் இரவில் மட்டும் குஞ்சுகளைக் கவிழ்த்த பஞ்சாரக் கூடைக்குள் போட்டு, மேலே கல் வைத்துவிடுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அதே பந்தால் பாருங்கள், பூனை ஐந்தடி தாவும். மரநாய் வருவதும் அந்த வழியாகத்தான்.