முதலில் ஒரு பெட்டி வரட்டும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஆன்லைன் கடை நடத்திய அனுபவத்தைப் பற்றி எழுதியவற்றை வாசித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 31, அலுவலக வேலை. மாலையில் இரண்டு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கும். சரக்கு வாங்கி அடுக்க வீட்டில் இடமில்லை, பெரிய முதலும் இல்லை. அதனால் டிராப்ஷிப்பிங் முறையில், அதாவது சப்ளையரே சரக்கை நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பும் முறையில், கடை தொடங்கலாம் என்று மூன்று மாதமாக வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. கடையை அமைக்கும் தளத்துக்கு ஒருவர் ஷாப்பிஃபை என்கிறார், இன்னொருவர் வூகாமர்ஸ் என்கிறார். ஒரே ஒரு பொருளை விற்கும் கடைதான் ஓடும் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் போட்டுப் பார், ஓடுவதை வைத்துக்கொள் என்கிறார் அடுத்தவர். செல்போன் உறை, காய் நறுக்கும் கருவி, நாய் பொம்மை, சுவர் விளக்கு என்று 140 பொருட்களை ஒரு ஷீட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட முடிவு செய்யவில்லை. எட்டு வருடமாக மீன்தொட்டி வைத்திருக்கிறேன். அதைத் தவிர எந்தப் பொருளைப் பற்றியும் எனக்குப் பெரிதாகத் தெரியாது. எந்தத் தளத்தில், எப்படித் தொடங்கலாம்?

ர.

*

அன்புள்ள ர.,

மீன்தொட்டியைப் பற்றிய வரியை ஒரு குறையைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் நம்பிக்கை தந்தது அந்த வரிதான். அதற்கு வருகிறேன்.

தளம் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஷாப்பிஃபைக்கு மாதச் சந்தா உண்டு. சர்வர், பாதுகாப்பு, பணம் செலுத்தும் பக்கம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வூகாமர்ஸ் என்பது வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் இலவச ப்ளகின், அதாவது கூடுதல் நிரல். ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கு, நீங்கள் பணம் கட்ட வேண்டும். அப்டேட், பேக்கப், ராத்திரி பதினொரு மணிக்குத் தளம் படுத்துவிட்டால் எழுப்புவது எல்லாம் உங்கள் தலையில். வேர்ட்பிரஸ் ஏற்கெனவே கைவந்தவர் என்றால் வூகாமர்ஸ் எடுங்கள். இல்லையென்றால், மாலை இரண்டு மணி நேரம் மட்டும் இருப்பவருக்கு ஷாப்பிஃபை போன்ற சந்தா தளம்தான் சரி. சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் வசிக்கும் நாட்டில் உங்களுக்குக் கணக்கு கொடுக்கும் பேமென்ட் கேட்வே (வாடிக்கையாளரிடமிருந்து ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் சேவை) அந்தத் தளத்தோடு இணையுமா? பலர் தீம் எல்லாம் வாங்கி அலங்கரித்த பிறகு இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த ஷாப்பிஃபை பிறந்த விதமே ஒரு பதில்தான். 2004-இல் டோபி லூட்கேயும் நண்பர்களும் பனிச்சறுக்குப் பலகை விற்க ஓர் ஆன்லைன் கடை தொடங்கினார்கள். அப்போதிருந்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல் லூட்கே தானே எழுதிக்கொண்டார். 2006-இல் அதுவே மற்றவர்களுக்கான தளமானது. பனிச்சறுக்கு அவருக்குத் தெரிந்த விளையாட்டு. பொருள் முதலில் இருந்தது, தளம் பிறகு வந்தது. நீங்கள் மூன்று மாதமாகத் தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, பொருளுக்கு வருவோம். டிராப்ஷிப்பிங்கில் நீங்கள் சரக்கைத் தொடுவதே இல்லை. ஆர்டர் உங்களிடம் வருகிறது, சப்ளையர் நேராக வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார். வாடிக்கையாளருக்கோ சப்ளையர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. பெட்டி நசுங்கி வந்தாலும், நிறம் மாறி வந்தாலும், வராமலே போனாலும் அவர் கேட்பது உங்களைத்தான். கண்ணால் பார்க்காத பொருளுக்கு, முகம் தெரியாத ஒருவர் செய்யப்போகும் வேலைக்கு, நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். அப்படியிருக்க, ஒன்றுமே தெரியாத 140 பொருட்களுக்கு எப்படி வாக்குக் கொடுப்பது? காய் நறுக்கும் கருவியின் பிளேடு இரண்டு மாதத்தில் மழுங்குமா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

மீன்தொட்டி என்றால் உங்களிடம் பதில் இருக்கும். எதை விற்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். ஹீட்டர் வேண்டாம். தெர்மோஸ்டாட் பழுதாகி ஒரே இரவில் தொட்டி முழுக்க மீன் செத்துப்போனால், அந்த வருத்தத்தை எந்த ரீஃபண்டும் ஈடுகட்டாது. மின்சாரப் பொருட்களையே தொடக்கத்தில் ஒதுக்கிவிடலாம். நாட்டுக்கு நாடு பிளக்கும் வோல்டேஜும் மாறும், பாதுகாப்புச் சான்றிதழும் கேட்பார்கள். கண்ணாடி உடையும். உயிருள்ளவை பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் என்ன? நீர்ச்செடி நடும் நீள இடுக்கி, வளைந்த கத்தரிக்கோல், கண்ணாடி துடைக்கும் காந்தம், தண்ணீர் மாற்றும் சைஃபன் குழாய், பஞ்சு ஃபில்டர், மீன் பிடிக்கும் வலை. எடை குறைவு, உடையாது, சட்டை செருப்பு போல அளவு சரியில்லை என்று திரும்பி வராது. ஒரே மனிதருக்கு இதில் மூன்று நான்கு பொருட்கள் தேவைப்படும். எனவே ஒற்றைப் பொருள் கடையா, எல்லாம் விற்கும் கடையா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், ஒரே விஷயத்தில் ஈடுபாடுள்ளவர்களுக்கான கடை. பத்துப் பன்னிரண்டு பொருள் போதும்.

அடுத்தது சப்ளையர். இங்கே நிதானமாக இருங்கள், ஏனென்றால் நான் கையைச் சுட்டுக்கொண்டது இங்கேதான். மைப்பேனா பயன்படுத்துபவர்களுக்கான நோட்டுகள் விற்றேன். சாம்பிள் வாங்கினேன், நாலைந்து மையில் எழுதிப் பார்த்தேன். பின்பக்கம் ஊறவில்லை, அருமையான தாள். மகிழ்ச்சியோடு அதையே கடையில் போட்டேன். ஐந்து மாதம் நன்றாக ஓடியது. ஆறாவது மாதம் சப்ளையர் சொல்லாமல் தாளை மாற்றிவிட்டார். அட்டை அதே, படம் அதே, விலையும் அதே. எனக்குத் தெரிந்தது முதல் வாடிக்கையாளர் மை பரவிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியபோதுதான். அதற்குள் 43 நோட்டுகள் போய்விட்டன. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஐந்து மாத லாபம் அதிலேயே போனது. அதற்குப் பிறகு நானே என் கடையில் வாடிக்கையாளராக மாதம் ஒரு ஆர்டர் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

சாம்பிள் வாங்கும்போது ஒரே பொருளை மூன்று சப்ளையரிடம் வாங்குங்கள். எத்தனை நாளில் வந்தது, டிராக்கிங் எண் உண்மையிலேயே நகர்ந்ததா, பெட்டிக்குள் சப்ளையர் தன் விலைச்சீட்டையோ விளம்பரத்தாளையோ போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இடுக்கியை ஒரு வாரம் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள், துருப்பிடிக்கிறதா தெரிந்துவிடும். ஒரு கேள்வியையும் அனுப்பிப் பாருங்கள், எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது என்று. நீங்கள் விற்க நினைக்கும் நாட்டில் நண்பர் யாராவது இருந்தால் அவர் முகவரிக்கும் ஒன்று போகட்டும். கையில் வந்த பொருளை நீங்களே படம் எடுங்கள். சப்ளையரின் படத்தையே நூறு கடைகள் போட்டிருக்கும். உங்கள் தொட்டிக்குள் அந்த இடுக்கி ஒரு செடியை நடுகிற படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

டிராப்ஷிப்பிங் என்றாலே அலிஎக்ஸ்பிரஸ் என்ற சீன ஆன்லைன் சந்தைதான் என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் இருக்கும் நாட்டிலேயே, ஒற்றை ஆர்டரை அனுப்பிக்கொடுக்கும் மொத்த வியாபாரிகள் உண்டு. அசல் விலை கூடுதலாக இருக்கும். ஆனால் பார்சல் சில நாளில் போய்ச் சேரும், திரும்பி வந்தாலும் வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கும். சீனாவிலிருந்து வருவதென்றால் சீனப் புத்தாண்டை முன்பே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் அந்த நாட்களில் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும்.

இந்த முறையின் உள்ளார்ந்த பலவீனத்தைப் புரிந்துகொள்ள ஸாப்போஸ் கதை உதவும். 1999-இல் தொடங்கிய அந்தச் செருப்புக் கடை முதலில் டிராப்ஷிப்பிங்கில்தான் ஓடியது. தயாரிப்பாளரிடம் ஸ்டாக் இருக்கிறதா இல்லையா என்பது நம்பகமாகத் தெரியாததால், ஆர்டர் செய்தவர்களுக்குச் செருப்பு கிடைக்காமல் போனது. 2003-இல், விற்பனையில் சுமார் கால் பங்கு டிராப்ஷிப்பிங்கிலிருந்து வந்துகொண்டிருந்தபோதே, அதை முழுக்க நிறுத்தினார்கள். உங்களை பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நன்றாக ஓடும் இரண்டு பொருளை ஒரு நாள் நீங்களும் சிறிதளவு வாங்கி வைக்க வேண்டியிருக்கும். இடுக்கிக்கு ஒரு மேசை டிராயர் போதும்.

இப்போது கணக்கு. வீடியோக்களில் மொத்த விற்பனைத் தொகையைத்தான் காட்டுவார்கள். நீங்கள் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். விற்பனை விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பொருளின் அசல் 35. அனுப்பும் செலவு 15. பணம் வாங்கித்தரும் நிறுவனத்துக்கு 4. மிச்சம் 46. நல்ல லாபம் போலத் தெரிகிறது இல்லையா? விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு 1 செலவாகி, 100 பேர் வந்து 2 பேர் வாங்கினால், ஓர் ஆர்டருக்கு விளம்பரம் மட்டும் 50. ஒவ்வொரு விற்பனைக்கும் 4 நஷ்டம். இதில் ரீஃபண்டும் மாதச் சந்தாவும் சேரவில்லை. ஒருவர் மூன்று பொருளாக 250-க்கு வாங்கினால் விளம்பரச் செலவு அதே 50-தான், கணக்கே மாறிவிடும். நான் பத்துப் பன்னிரண்டு பொருள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். இன்னொன்று, விளம்பரத்துக்குப் போவதற்கு முன் எழுதுங்கள். இந்தப் பாசி ஏன் வருகிறது, முதல் மாதம் தண்ணீரை எத்தனை முறை மாற்றுவது என்று எட்டு வருட அனுபவத்திலிருந்து நீங்கள் எழுதினால் தேடி வருகிறவர்கள் காசில்லாமல் வருவார்கள். மெதுவாகத்தான் வருவார்கள், ஆனால் வருவார்கள்.

வாடிக்கையாளர் பணத்தை வைத்தே சப்ளையருக்குக் கொடுத்துவிடலாம், கைமுதலே வேண்டாம் என்று சொல்வதை நம்பாதீர்கள். புதிய கணக்கு என்றால் பணம் உங்கள் வங்கிக்கு வர நாளாகும். சப்ளையருக்கோ அன்றே கட்ட வேண்டும். ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் பேபால் நிறுவனம் ஒரு கணக்கைக் கட்டுப்படுத்தினால் அதிலுள்ள பணத்தை 180 நாள் வரை பிடித்து வைக்க முடியும். பொருள் வரவில்லை என்று வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்தால், மாதங்கள் கழித்துக்கூடப் பணம் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அதற்குப் பெயர் சார்ஜ்பேக். அதற்குக் கட்டணமும் பெரும்பாலும் தனியாக விழும். முப்பது ஆர்டருக்கான அசலையாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் எந்த வருடத்தவை என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குக் கீழான இறக்குமதிப் பார்சலுக்கு இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கு 2021 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்தது. அமெரிக்காவில் 800 டாலர் வரையான பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 மே மாதம் சீனப் பொருட்களுக்கும், ஆகஸ்ட் 29-இல் மற்ற எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. பழைய வீடியோவின் லாபக் கணக்குகள் பல இந்த இரண்டு விலக்குகளின் மேல்தான் நின்றன. எங்கே விற்கிறீர்களோ அந்த நாட்டு வரி பற்றித் தெரிந்த ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

திரும்பப் பெறும் விதியைக் கடை திறக்கும் முன்பே எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியவர், சில விலக்குகள் தவிர, பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே முடிவை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்க விதிப்படி அனுப்பும் நாளை நீங்கள் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப ஏற்பாடு செய்தாக வேண்டும். சின்ன இடுக்கியைக் கடல் தாண்டித் திருப்பி அனுப்பும் செலவு அதன் விலையைவிட அதிகம். பழுதாக வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பொருளை அவரிடமே விட்டுவிடுவதுதான் நல்லது. அதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் பக்கத்திலேயே ‘12 முதல் 20 நாள் ஆகும்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். தெரிந்து காத்திருப்பவர் கோபப்படுவது குறைவு. ‘இன்னும் 3 மட்டுமே’ என்ற பொய் அறிவிப்புகள், பொய்யாக ஓடும் கடிகாரங்கள், வேறு கடையிலிருந்து இழுத்துப் போட்ட மதிப்புரைகள், இவற்றுக்கெல்லாம் ஆப் கிடைக்கும். தொடவே தொடாதீர்கள். மீன் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள், உங்களுக்கே தெரியும்.

ஆப் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சப்ளையரின் பொருட்களைக் கடையில் சேர்க்க ஓபர்லோ என்று ஓர் ஆப் இருந்தது, டிராப்ஷிப்பிங் செய்தவர்களில் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். 2017-இல் ஷாப்பிஃபை அதை வாங்கியது, 2022-இல் மூடிவிட்டது. ஆகவே சப்ளையர் விவரம், விலை, வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் உங்கள் சொந்த ஷீட்டில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும். டொமைனும், அதாவது தளத்தின் இணைய முகவரியும், உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

அந்த 140 வரி ஷீட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்து இடுக்கி, கத்தரிக்கோல், சைஃபன் மூன்றையும் எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றுக்கும் சாம்பிள் ஆர்டர் போட்டுவிடுங்கள். இப்போதைக்கு தளத்தில் பதிவு செய்ய வேண்டாம், பெயரும் தேட வேண்டாம். பெட்டி வந்ததும், எத்தனை நாளில் வந்தது, எப்படிக் கட்டியிருந்தார்கள், இடுக்கி துருப்பிடித்ததா என்று எனக்கு எழுதுங்கள். விலை வைப்பதைப் பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அக்கா