அசெம்பிள் ஆம்ப் வாங்கும் முன்: 'ஆயிரம் வாட்' கணக்கு

கேள்வி: எங்கள் ஊரில் அப்பாவும் இரண்டு மகன்களும் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர் செய்து தருகிறார்கள். பாட்டு கேட்க ஸ்டீரியோ ஆம்ப் விசாரித்தேன். "24-0-24, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், 5200-1943 டிரான்சிஸ்டர், ஆயிரம் வாட்" என்கிறார்கள். கம்பெனி செட்டை விட்டுவிட்டு இதை வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம், ஆயிரம் வாட்டை மட்டும் மறந்துவிடுங்கள். அவர்கள் சொன்ன டிரான்ஸ்பார்மரே உண்மையைச் சொல்லிவிடுகிறது. 24-0-24 என்றால் நடுமுனைக்கு இரண்டு பக்கமும் 24 வோல்ட். 24 வோல்ட் ஏ.சி.யை 1.414 ஆல் பெருக்கினால் சுமார் 34 வோல்ட் டி.சி. டயோடு, டிரான்சிஸ்டர் இழப்பும் லோடில் இறங்குவதும் போக 27 வோல்ட் அளவுக்குத்தான் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும். 27-ஐ 27-ஆல் பெருக்கி 16-ஆல் (ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கு) வகுங்கள்: 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 45 வாட். டிரான்ஸ்பார்மரின் மொத்தத் திறனே 48 × 5 = 240 வி.ஏ. (வோல்ட் × ஆம்பியர்). அதிலிருந்து ஆயிரம் எப்படி வரும்? ஆனால் 45 + 45 உண்மையான வாட், சாதாரண ஹாலுக்கு ஏராளம். இதே கணக்கில் 12-0-12 போட்ட செட் சேனலுக்குப் பத்து வாட்டைத் தாண்டாது, முகப்பில் என்ன எழுதியிருந்தாலும்.

பணத்தில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் டிரான்ஸ்பார்மர். காப்பர் வைண்டிங்தானா என்று கேளுங்கள். அலுமினியக் கம்பிக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதே கனத்தில் சுற்றினால் பாஸ் அடிக்கும்போது வோல்ட் இறங்கும், சூடும் ஏறும். சாதாரண ஈயப் பற்றும் அதில் சரியாக ஒட்டாது. கம்பி முனையின் எனாமலைச் சுரண்டி, கொஞ்சம் ஆழமாகவே கீறிப் பாருங்கள். மேலே செம்பு முலாம் பூசிய அலுமினியமும் உண்டு, அதன் உள்ளே வெள்ளையாக இருக்கும். 240 வி.ஏ. டிரான்ஸ்பார்மர் என்று சொல்லி ஒரு கிலோ எடையில் ஒன்றைக் காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் தலா 10,000 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட் கேளுங்கள். லோடில்லாத நேரத்தில், கரண்ட் 250 வோல்ட்டைத் தொட்டால், 34 வோல்ட் லைன் நாற்பதுக்குப் போகும். அங்கே 35 வோல்ட் கெபாசிட்டர் இருந்தால் வெடிக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் போலி ஏராளம். உள்ளே சிறிய சிப் வைத்தது மீட்டரில் நன்றாகத்தான் காட்டும், சத்தம் ஏற்றியதும் ஷார்ட் ஆகும். அதனால் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு கட்டாயம். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு டி.சி.யும் ஊஃபருக்கு (பாஸ் ஸ்பீக்கர்) பாய்ந்து அதன் கம்பிச்சுருள் கருகிவிடும். போர்டில் உள்ள ரிலே என்ற தானியங்கி சுவிட்ச்தான் அதைத் தடுக்கிறது.

கம்பெனி செட்டில் காசு பெரும்பாலும் முகப்புக்கும் ரிமோட்டுக்கும் போகிறது. இங்கே அது இரும்புக்கும் செம்புக்கும் போகிறது. பத்து வருடம் கழித்தும் உள்ளூர் மெக்கானிக் பிரித்துச் சரிசெய்யலாம். எங்கள் சாய்வு இதன் பக்கம்தான்.

கேள்வி: செட் ரெடி. எடுத்துவரும் முன் கடையிலேயே என்ன பார்க்க வேண்டும்? லேசாக 'ம்ம்ம்' என்று இரைகிறது, "எர்த் பிரச்சினை" என்கிறார்கள்.

பதில்: முதலில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் பச்சை வயர் கேபினெட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இரண்டு பின் வயர் போட்ட இரும்பு கேபினெட்டை வாங்காதீர்கள். சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். ஃபியூஸ் 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (ஆன் செய்யும் நொடியின் அதிகக் கரண்டைத் தாங்குவது) போதும். அதற்குப் பதில் கம்பி முறுக்கி வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, 100 வாட் குண்டு பல்பு வழியாக சீரீஸில் ஆன் செய்யட்டும் (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது). பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும். மங்காவிட்டால் உள்ளே ஷார்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்து, ரிலே 'டக்' என்றதும் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் டி.சி. அளவு பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் நல்லது, நூறைத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள். ஒரு மணி நேரம் பாடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, டிரான்ஸ்பார்மரைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும்.

இரைச்சலுக்கு வால்யூமை அடியோடு குறையுங்கள். அப்போதும் இரைந்தால் ஃபில்டரிலோ கிரவுண்டு வயரிங்கிலோ கோளாறு. கிரவுண்டு எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டும், டிரான்ஸ்பார்மர் டோன் போர்டை (பாஸ், ட்ரெபிள் போர்டு) விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். வால்யூமோடு சேர்ந்து குறைந்தால் இன்புட் வயரின் ஷீல்டில் (மேல் வலைக்கம்பி) கோளாறு. 'கீ...' என்று மெல்லிய சத்தமானால் புளூடூத் போர்டுதான், அதற்குத் தனி வைண்டிங்கும் 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். கேபிள் டிவி பாக்ஸை இணைக்கும்போது மட்டும் இரைந்தால் கிரவுண்டு லூப் (இரண்டு செட்டின் கிரவுண்டும் சேர்ந்து உண்டாகும் வளையம்), செய்தவர் மேல் தப்பில்லை. அதற்காக எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பில் தரமாட்டேன், வாய்ச்சொல் வாரண்டிதான் என்கிறார்கள். பிறகு கெட்டுப்போனால்?

பதில்: பில் மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அச்சடித்த பில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், டிரான்ஸ்பார்மர் அளவு, காப்பர் என்ற சொல், டிரான்சிஸ்டர் நம்பர், வாரண்டி மாதம், தேதி, கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.