குவார்க் நிறையை ஏன் அணியாக எழுதுகிறார்கள்?

குவார்க் என்ற அடிப்படைத் துகளில் ஆறு வகை; ஆறுக்கும் ஆறு நிறை போதாதா, எதற்கு 3×3 அணி என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

குவார்க்குகளுக்கு நிறை வருவது எங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலத்தோடு உள்ள பிணைப்பால். ஒவ்வொரு குவார்க்குக்கும் கண்ணாடி பிம்பம் போல இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு; அப்–டவுன், சார்ம்–ஸ்ட்ரேஞ்ச், டாப்–பாட்டம் என்ற ஒவ்வொரு ஜோடியும் ஒரு தலைமுறை. அந்தப் பிணைப்பு ஒரு தலைமுறையின் இடக்கை குவார்க்கை இன்னொரு தலைமுறையின் வலக்கை குவார்க்கோடும் சேர்த்துவிடலாம். தடுக்க எந்த விதியும் இல்லை. அதனால் அப், சார்ம், டாப் மூன்றுக்கும் ஓர் அணி. டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் மூன்றுக்கும் இன்னொன்று. உறுப்புகள் கலப்பெண்கள்.

நாம் அளக்கும் நிறை வேண்டுமென்றால் அணியை மூலைவிட்ட வடிவத்துக்கு (மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள், மற்ற இடமெல்லாம் சுழி) திருப்ப வேண்டும். இங்கேதான் விஷயம்: இரண்டு அணிகளுக்கும் இடக்கைப் பக்கத் திருப்பம் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசம், ஒரு வகைக் குவார்க்கை இன்னொரு வகையாக மாற்றும் வலுவற்ற விசையில் குவார்க் கலப்பாகத் தெரிகிறது. தலைமுறை மூன்று என்றால் நீக்கவே முடியாத ஒரு கட்டக்கோணம் (கலப்பெண்ணின் திசையைக் காட்டும் கோணம்) மிஞ்சும் என்று ஜப்பானிய இயற்பியலாளர்கள் கோபயாஷியும் மஸ்கவாவும் 1973-இல் காட்டினார்கள். 2008-இல் நோபல் கிடைத்தது.

சரி, அணிக்குள் என்ன எண்கள்? இரண்டிலும் சேர்த்து 36 மெய்யெண்கள். அளக்க முடிவதோ 10 தான்: 6 நிறை, 3 கலப்புக் கோணம், 1 கட்டக்கோணம். ஆக, அணியை முழுசாகக் கண்டுபிடிக்க வழியில்லை, ஊகிக்கத்தான் வேண்டும். சில உறுப்புகளைச் சுழி என்று வைத்துப் பார்த்தவர்களில் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரிட்ஷ் முக்கியமானவர். அப்படி வைத்தால் டவுன்–ஸ்ட்ரேஞ்ச் நிறை விகிதத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.22 வருகிறது, முதல் இரண்டு தலைமுறைகளின் கலப்பைக் காட்டும் கபிபோ கோணத்தின் சைன் மதிப்பும் அதுவே! ஆனால் டாப் குவார்க் 173 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கனமாக அமைந்ததால் அவருடைய முதல் வடிவம் அடிபட்டுப்போனது.