வீட்டில் ரவை நிரப்பலாமா?

கேள்வி: நான் மானிப்பாயில் வசிக்கிறேன். கொழும்பில் உள்ள ஒரு சூட்டுக் கழகத்தில் உறுப்பினர். மாதம் இருமுறை அங்கே போய் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியில் இலக்குப் பயிற்சி செய்கிறேன். ரவைச் செலவு கட்டுப்படியாகவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் மைத்துனர் சுட்டு முடிந்த வெற்று ரவைக் கோதுகளில் தானே மருந்து நிரப்பிப் பாவிக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கருவியையும் சாமான்களையும் கொண்டுவருவாராம். என்னிடம் ஒரு பிஸ்கற் தகரம் நிறையக் கோதுகள் இருக்கின்றன. பாதுகாப்பாகச் செய்ய என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: செய்யாதீர்கள். மைத்துனரின் நாட்டில் அது விதிகளுக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இங்கே இலங்கையில் அதே கருவி உங்கள் வழக்கில் சான்றுப் பொருளாக இலக்கமிடப்படும்.

1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி வெடிமருந்து தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. கழக உறுப்பினர் அட்டை கழகத்தின் சூட்டுத் திடலுக்கு மட்டும் செல்லும். மானிப்பாய் வீட்டுக்கு அது வெறும் அட்டை. மைத்துனரிடமும் சொல்லிவிடுங்கள்: துப்பாக்கி மருந்தையும் பிரைமரையும் (கோதின் அடியில் இருந்து, ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பயணப் பொதியில் கொண்டுவர எந்த விமான நிறுவனமும் அனுமதிக்காது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டால் நல்லூரைப் பார்க்காமலே அவர் திரும்ப நேரிடும், திரும்ப விட்டால்.

நான் பயப்படுவது மைத்துனருக்கு அல்ல, தரகருக்கு. கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் கோப்பும் கையுமாக நிற்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘அண்ணை, மருந்து பெர்மிற் நான் எடுத்துத் தாறன்’ என்பார். என்னிடம் வந்த ஒருவர் அப்படிப் பணம் கொடுத்து வாங்கிய கடதாசியை மேசையில் விரித்தார். முத்திரை உண்மை போலவே இருந்தது. விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தபோது, பெயர் இருந்த இடத்தில் மட்டும் எழுத்து சற்றுத் தடித்திருந்தது. கிணறு வெட்டும்போது சுண்ணாம்புக் கல்லுக்கு வெடி வைக்க யாருக்கோ கொடுத்த அனுமதியின் பிரதி அது. அதே தரகர் ‘இதுவும் மருந்துதானே’ என்று ஒரு பொட்டலமும் விற்றிருந்தார். பாறை பிளக்கும் மருந்து வேறு, கைத்துப்பாக்கி மருந்து வேறு. பாறையைப் பிளக்கும் வேகம் துப்பாக்கிக்குள் வந்தால் பிளப்பது உங்கள் கையைத்தான். பட்டாசு மருந்தும் தீக்குச்சி மருந்தும் அப்படியே.

இன்னொரு சரக்கும் இங்கே வரும்: யுத்தகால ரவைகளை உடைத்து எடுத்த மருந்து. மண்ணிலும் வெக்கையிலும் கிடந்த மருந்து உள்ளுக்குள் சிதைகிறது. புளித்த வாடை அடிக்கும். அதை வாங்காதீர்கள். காணியில் அத்தகைய ரவைகள் கண்டால் கையால் தொடாமல் பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கு அறிவியுங்கள்.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 9 மில்லிமீற்றர் ரவை வெடிக்கும்போது கோதுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல் வரை போகும். மருந்து தவறுதலாக இருமடங்கு விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். விழாமலே போனாலும் ஆபத்துத்தான்: குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும், அடுத்த சூடு அதன்மேல் மோதும்.

வீட்டில் பயிற்சிக்குப் பாவிக்கக்கூடியது ஒன்று உண்டு: போலி ரவை. மருந்தும் பிரைமரும் இல்லாத, நிறம் தீட்டிய பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் துண்டு. உறுதியான பிடியும் விசையை இழுக்கும் பழக்கமும் அதிலேயே வரும். ஆனால் துப்பாக்கி கழகத்துடையதென்றால் பயிற்சியும் கழகத்திலேயே. போலி ரவையைக் காட்டித் துப்பாக்கியை வீட்டுக்குக் கேட்காதீர்கள். போலி ரவை போலி என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பித்தளைக் கோதில் குண்டு பொருத்திய ‘போலி’ வேண்டவே வேண்டாம். சோதனைக்கு வரும் பொலிஸ்காரருக்கு அது ரவை. ஆய்வுகூட அறிக்கை வரும்வரை நீங்கள் உள்ளே. சாவிக்கொத்தில் கோர்த்தாலும், காரின் முன்கண்ணாடியில் தொங்கவிட்டாலும் அதே கதைதான்.

சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916 இல் வந்தது. ஒரு நூற்றாண்டு கடந்தும், நேர்மையாகக் கேட்பவருக்கு எந்த யன்னல் என்று சொல்ல ஆளில்லை. கச்சேரி கொழும்பைக் காட்டும்; கொழும்பு, விளங்காத மொழியில் ஒரு கடிதம் அனுப்பும். தரகரை வளர்த்துவிட்டது இந்த மௌனந்தான். இருந்தாலும் கேள்வியை எழுத்தில், பதிவுத் தபாலில், கழகத்தின் ஊடாகவே பாதுகாப்பு அமைச்சுக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை கழகம் தரும் ரவையைச் சுடுங்கள். ஐம்பது சுடுமிடத்தில் இருபது சுட்டு, ஒவ்வொன்றையும் கவனித்துச் சுட்டால் செலவும் இறங்கும்.

பிஸ்கற் தகரத்தைத் திறந்து ஒவ்வொரு கோதின் அடியையும் பாருங்கள். நடுவில் ஊசி குத்திய பள்ளம் தெரியாத ஒன்று இருந்தால் அதன் பிரைமர் இன்னும் உயிரோடு இருக்கிறது. தட்டாமல், நெம்பாமல் தனியே வையுங்கள். கழகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அவற்றை எப்படி ஒப்படைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவுப் பஸ்ஸில் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஒப்படைக்கும்போது எண்ணிக்கை எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள்.