பூசுவதற்கு முன் சுவரைத் தயார் செய்வது எப்படி? ஒரு மேஸ்திரியின் பதில்கள்

கட்டட வேலையில் 26 வருடங்களாக இருக்கிறேன். பூச்சு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: அண்ணா, செங்கல் சுவரில் பூச்சு நன்றாக நிற்கிறது. பீமிலும் பில்லரிலும் மட்டும் தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம். சிமெண்ட் குறைவா?

சிமெண்ட் காரணம் இல்லை தம்பி, பிடிப்புதான் இல்லை. பிளைவுட்டோ இரும்புத் தகடோ வைத்து வார்த்த கான்கிரீட் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். போதாததற்கு சென்ட்ரிங்குக்கு, அதாவது வார்க்கும் அச்சுக்கு, தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல கலவையை அடித்தாலும் ஒட்டாது.

முதலில் எண்ணெய்ப் பசையை சோப்புத்தூளும் கம்பி பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் உளியால் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும். 3 மி.மீ. ஆழம் போதும், ஆனால் இடைவெளி விடாமல் இருக்க வேண்டும். சென்ட்ரிங் பிரித்த ஓரிரு நாளில் கொத்தினால் கை வலிக்காது. மாதம் கழித்துக் கொத்தச் சொன்னால் ஆள் பேருக்கு நாலு கொத்து கொத்திவிட்டுப் போய்விடுவார்.

பூசும்போது சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே கலவையை ஏற்றிவிடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சீலிங் முழுக்க பால் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் அது காய்ந்துவிட்டது. அதன் மேலேயே பூசினேன், மூன்றாம் மாதம் பாளமாக விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. இன்றும் அந்தச் சீலிங்கை நினைத்தால் நெஞ்சு பதறும்.

இப்போது உங்கள் வீட்டில் சத்தம் வரும் இடத்தை மட்டும் உடைத்தெடுத்து, கொத்திவிட்டு மறுபடி பூசுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு அக்கா: ஏஏசி பிளாக் (உள்ளே நுண்துளைகள் கொண்ட எடை குறைந்த சிமெண்ட் கல்) சுவர். கொத்தனார் குழாய் வைத்து முழுக்க நனைக்கிறார். சரிதானா?

நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா. செங்கல்லுக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறார். செங்கல் சுவரை நன்றாக நனைத்து, மேலே நிற்கும் நீர் வடிந்த பிறகு பூச வேண்டும். இல்லாவிட்டால் கலவையிலுள்ள நீரைக் கல் இழுத்துக்கொண்டு பூச்சு பொடிந்துவிடும். ஏஏசி பிளாக் நிறையத் தண்ணீர் குடித்து மெதுவாகத்தான் காயும். காயும்போது சுருங்குவதால் பூச்சில் மயிரிழை விரிசல் விழும். தூசியைத் துடைத்துவிட்டு லேசாகத் தெளித்தால் போதும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்: பூசாத சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. கழுவிவிட்டுப் பூசலாமா?

கழுவாதீர்கள். உப்பு தண்ணீரில் கரைந்து மறுபடி கல்லுக்குள் போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கீழே விழும் பொடியைக் கூட்டி அள்ளுங்கள். சில நாளில் மீண்டும் பூத்தால் மீண்டும் தேயுங்கள். உப்பு பூப்பது நின்ற பிறகு பூசலாம். கலவைக்கு உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால் இத்தனை பாடும் வீண்.

மதுரையிலிருந்து ஒருவர்: ஒயரிங் பைப்புக்குக் காடி வெட்டிய இடத்தில் நேர்கோடாக விரிசல் வருகிறது, ஏன்?

காடியையும் பூச்சையும் ஒரே நேரத்தில் அடைத்திருப்பார்கள். காடியில் பைப்பை அசையாமல் பிடிக்கவைத்து, கலவையால் தனியாக அடைத்து இறுகவிட வேண்டும். அதன் மேல் கோழிவலை அடித்துப் பூச வேண்டும். பில்லரும் செங்கல்லும் சேரும் இடத்திலும் இதேதான், இரு பக்கமும் அரை அடியாவது வலை ஏற வேண்டும். வலை சுவரோடு ஒட்டிக் கிடக்காமல், பின்னால் கலவை போகும் அளவுக்கு இடம் விட்டு ஆணி அடியுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு ஐயா: தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர். உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசலாமா?

வேண்டாம் ஐயா. அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுத்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் பழைய செங்கல்லை அரிக்கும், சிமெண்ட் பூச்சும் தகடாகப் பெயர்ந்து வரும். உதிர்வதை மட்டும் மெதுவாகச் சுரண்டி, கல் சந்துகளில் தூசி எடுத்து, நனைத்து, சுண்ணாம்புக் கலவையே பூசுங்கள். கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதல்தான், ஆனாலும் தேடிப் பிடியுங்கள்.

ஒரு தம்பி: சுவர் கட்டி எத்தனை நாளில் பூசலாம்?

குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்ட பிறகு. கட்டும்போதே, கலவை இறுகுமுன், கல் சந்துகளை அரை அங்குலம் சுரண்டிவிடச் சொல்லுங்கள். பூச்சு பிடிக்கும் வேர் அங்கேதான் இறங்குகிறது.