கடனில் மூழ்கியவருக்குத் திறந்த கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கதையில் ‘கடனில் மூழ்கியிருந்த அவருக்குக் கடைசியில் ஒரு கதவு திறந்தது’ என்று ஒரு வரி வருகிறது. நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். இதை ‘மிக்ஸ்டு மெட்டஃபர்’ (கலப்பு உருவகம்) என்று எங்கள் வகுப்பில் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்கள். ஆனால் வள்ளுவரே ஒரு குறளில் தோட்டியில், அதாவது யானையை அடக்கும் அங்குசத்தில், தொடங்கி வித்தில் முடிக்கிறாரே? தமிழுக்கு இந்த விதி பொருந்துமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வரி தப்புதான். ‘கடனில் மூழ்கி’ என்று தினமும் சொல்லிச் சொல்லி அதில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது. ‘விலை ஏறிப்போச்சு’ என்றால் யாரும் ஏணியை நினைப்பதில்லை, அதுபோலத்தான். ஆனால் பக்கத்தில் ஒரு கதவைக் கொண்டுபோய் வைத்ததும் வற்றிய தண்ணீர் திரும்பி வந்துவிடுகிறது, மூழ்குகிற மனிதர் எங்கே போய்க் கதவைத் திறப்பார்? எழுதும்போது நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் அரசியலையும் ஆங்கிலத்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு ஓர் உதாரணம் தருகிறார்: ‘ஃபாசிச ஆக்டோபஸ் தன் அன்னப்பாட்டைப் பாடிவிட்டது.’ அன்னம் சாகும்முன் பாடும் என்பது ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை, அதனால் கடைசிச் செயலுக்கு அங்கே அந்தச் சொல். இப்படி மோதுகிற வரியை எழுதியவர் தான் பெயர் சொல்லும் பொருளை மனக்கண்ணால் பார்க்கவில்லை, அதாவது யோசிக்கவே இல்லை என்கிறார் ஆர்வெல். அவர் பிடிப்பது அந்தக் குருட்டுத்தனத்தை. ஆங்கிலப் பெயரிலோ ‘கலப்பு’ மட்டும்தான் இருக்கிறது, அதனால் இரண்டு படம் சேர்ந்து வந்தாலே குற்றம் என்று வகுப்பில் ஆகிவிடுகிறது.

சரி, குறளுக்கு வருவோம்.

உரனென்னும் தோட்டியான் ஓரைந்தும் காப்பான்
வரனென்னும் வைப்பிற்கோர் வித்து.

மன உறுதி என்ற தோட்டியால் ஐம்பொறிகளையும் அடக்கிக் காப்பவன், மேலான வீட்டுலகம் என்ற நிலத்துக்கு ஒரு வித்து என்கிறார்.

இதில் யானை என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? தோட்டி வந்துவிட்டது, ஐந்து என்று எண்ணும் வந்துவிட்டது, ஐம்பொறிகளும் யானைகளாகத் தாமே வந்து நிற்கின்றன. ஒன்றை உருவகமாக்கி, அதோடு சேர்ந்த இன்னொன்றைச் சொல்லாமல் விடுகிற இதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர், பரிமேலழகரும் இங்கே அப்படித்தான் சொல்கிறார். அடுத்த அடியில் அந்தப் பாகன் வித்தாகிவிடுகிறான். ஆனாலும் உறுத்தவில்லை. ‘காப்பான்’ என்ற சொல்லோடு யானைகள் அடங்கி நின்றுவிட்டன, முதல் படம் முடிந்தது, அடி மாறுகிறது, அப்புறம்தான் அவன் போய் முளைக்கப்போகும் நிலம் வருகிறது. வித்தின் கையில் யாரும் தோட்டியைக் கொடுக்கவில்லை. என் வரியிலோ மூழ்குகிற அதே ஆள் அதே நொடியில் கதவுக்கு முன்னாலும் நிற்க வேண்டியிருக்கிறது.

அதனால் இரண்டு படங்கள் வரலாமா என்று பார்க்காதீர்கள், ஒரே நொடியில் ஒரே உடம்பை இரண்டும் பிடித்து இழுக்கின்றனவா என்று பாருங்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இது பொது.

‘கடனில் மூழ்கியிருந்த அவருக்குக் கடைசியில் கால் தரையில் பட்டது’ என்று கதையில் மாற்றிவிட்டேன். இப்போது அவர் நனைந்திருப்பது எனக்குத் தெரிகிறது.