நாற்பது கெஜ ஓட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். புது வீரர்களைச் சோதிக்கும் தேர்வு முகாமில் 40 கெஜ ஓட்டத்துக்குத்தான் அத்தனை பரபரப்பு. அதில் முந்துகிறவர்தானே நல்ல வைட் ரிசீவர் (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்)?
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: இல்லை. அந்த முகாமில் பதிவான மிக வேகமான இரண்டு ஓட்டங்களும் ரிசீவர்களுடையவைதான். 2017-இல் ஜான் ராஸ் 4.22 விநாடி, 2024-இல் சேவியர் வொர்த்தி 4.21. அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ராஸை சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி 9-ஆவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. காயங்களும் அவரை விடவில்லை. அதே 2017 முகாமில் 4.62-இல் ஓடிய கூப்பர் கப் மூன்றாவது சுற்றுவரை காத்திருந்தார். 2021 சீசனில் 145 கேட்ச், 1,947 கெஜம், 16 டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டுவது) என்று மூன்றிலும் லீக்கில் அவரே முதலிடம்.

ஏன் இப்படி? குவார்ட்டர்பேக் பெரும்பாலும் இரண்டரை, மூன்று விநாடிக்குள் பந்தை எறிந்துவிடுகிறார். அதற்குள் ரிசீவர் ஓடுவது 15, 20 கெஜம்தான், அதிலும் நடுவில் ஒரு திருப்பம். 4.4-இல் ஓடுபவருக்கும் 4.6-இல் ஓடுபவருக்கும் 40-ஆவது கெஜத்தில் இரண்டு மீட்டர் அளவுக்கு இடைவெளி விழும். 10-ஆவது கெஜத்தில் அது அரை மீட்டர்கூட இருக்காது. ஆனால் 12 கெஜம் ஓடி நின்று திரும்ப வேண்டிய இடத்தில், ஒருவர் மூன்று காலடியில் நின்று இன்னொருவர் ஐந்து காலடி எடுத்தால், வேகத்தில் சம்பாதித்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வந்து சேர்ந்திருக்கும்.

இன்னொன்று: 40 கெஜ ஓட்டத்தில் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் கிளம்புகிறார்கள். ஆட்டத்தில் ரிசீவர் நின்றபடியே கிளம்புகிறார், அதுவும் எதிரே நிற்பவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்போது. அந்தக் கையைத் தட்டிவிட்டு முதல் மூன்று அடியை எடுத்துவைக்கிற திறமையை எந்த ஸ்டாப்வாட்சும் காட்டாது.

கேள்வி: அப்படியானால் நேர்வேகம் வேண்டவே வேண்டாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ், டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்கு ரிசீவராக வந்தபோது தனியொரு தடுப்பாளரால் அவரோடு ஓட முடியவில்லை. ஆளைத் துரத்துவதை விட்டு இடத்தைக் காக்கும் ‘ஸோன்’ தடுப்பாட்டம் வளர்ந்ததற்கு அவரும் ஒரு முக்கியக் காரணம். இன்றும் வேகக்காரரைக் கண்டால் ரிசீவருக்கு எதிரே நிற்கும் தடுப்பாளரான கார்னர்பேக் 5 கெஜத்துக்குப் பதில் 8 கெஜம் தள்ளி நிற்கிறார். பின்னால் நிற்கும் தடுப்பாளரான சேஃப்டியும் முன்னேறி வரத் தயங்குகிறார். அப்படிக் காலியாகும் இடத்தில் பந்தைப் பிடிப்பது வேறொருவராக இருக்கலாம். முதலாமவரின் கணக்கில் அது ஏறாது, ஆனால் அவர் செய்த வேலைதான் அது.

எங்கள் பார்வையில் நேர்வேகம் ஒரு நுழைவுச்சீட்டு. 4.6-க்குள் ஓடுகிறவர்களை அதை மட்டும் வைத்துத் தரவரிசைப்படுத்தக் கூடாது. 4.7-ஐத் தாண்டினால் மற்ற எல்லாமே மிக நன்றாக இருக்க வேண்டும். அதற்காகத் திருப்பம் பார்க்கும் மூன்று கூம்பு ஓட்டத்தைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். டி.கே. மெட்கால்ஃப் 2019-இல் நேர் ஓட்டத்தில் 4.33 எடுத்தும் கூம்பு ஓட்டத்தில் 7.38 விநாடி ஆனதால் பலரும் தயங்கினார்கள், 64-ஆவது தேர்வாகத்தான் போனார். அவ்வளவு பெரிய உடம்பு அந்த வேகத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு எல்லாத் தடுப்பாளர்களும் பார்த்தார்கள்.

கேள்வி: பள்ளியில் ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளைச் சாய்க்காமல் இடுப்புக் கொடியை உருவித் தடுக்கும் ஆட்டம்) அணி சேர்க்கிறோம். கால்பந்தில் விங் ஆடும் பிள்ளைகளையே ரிசீவராகப் போட்டேன். ஓட்டத்தில் முதலாவது வரும் பையனிடம் பந்தே போய்ச் சேருவதில்லை. எப்படித் தேர்வு செய்வது?
– பி.டி. ஆசிரியர், வியாசர்பாடி

பதில்: சரியான இடத்தில்தான் ஆள் தேடுகிறீர்கள், ஐயா. கால்பந்துப் பிள்ளைகளுக்கு நின்று திரும்புவது கைவந்த கலை. ஆனால் அவர்கள் கண் காலடியில் இருக்கும் பந்தையே தேடும். ரிசீவருக்குத் தோளுக்கு மேல் பார்த்தபடி ஓடத் தெரிய வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வரப்போகும் ஐவர் ஃப்ளாக் ஆட்டத்தில் மைதான அகலமே 25 கெஜம்தான், குவார்ட்டர்பேக் அதிகபட்சம் 7 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு அங்கே இடம் இல்லை.

ஆகவே 40 கெஜத்தை விட்டுவிட்டு முதல் 10 கெஜத்தை அளந்து பாருங்கள். டேப் பிடித்து 9.14 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். போனை ஸ்டாண்டில் வைத்து, பக்கவாட்டில் 15 மீட்டர் தள்ளி, பாதையின் நடுப்பகுதிக்கு நேராக நிறுத்தி ஸ்லோமோஷனில் எடுங்கள். விநாடிக்கு 240 பிரேம் என்றால் ஒரு பிரேம் 0.004 விநாடி. ஓட்டத்துக்கு முன் இரண்டு கோட்டிலும் ஒருவரை நிற்கவைத்துத் திரையில் அவர் எங்கே தெரிகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாவிட்டால் கோணம் ஏமாற்றும். நின்ற நிலையிலிருந்தே கிளம்பட்டும், விசில் வேண்டாம். முதல் அசைவிலிருந்து எண்ணுங்கள். மூன்று ஓட்டம், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. மாலையில் கிழக்கிலிருந்து கடற்காற்று அடிக்கும் என்பதால் பாதையைத் தெற்கு வடக்காகப் போடுங்கள்.

அடுத்தது நிறுத்தம், இதுதான் முக்கியம். முழு வேகத்தில் 10 கெஜம் ஓடி, கோட்டைத் தொட்டதும் நின்று திரும்பச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டி எத்தனை காலடி எடுத்துவைக்கிறார் என்று எண்ணுங்கள். மூன்றுக்குள் நின்றால் நல்லது. வீடியோவில் நெஞ்சைப் பாருங்கள்: நிற்பதற்கு முன்பே நெஞ்சு நிமிர்ந்து கை ஆட்டம் குறைந்தால் தடுப்பாளருக்குச் சேதி போய்விட்டது. இடுப்பைத் தாழ்த்தி, கடைசி அடிவரை வேகமாக ஓடுவதுபோலவே தெரிகிறவர்தான் உங்கள் ஆள். மண் தரையில் மேல்மணலைப் பெருக்கிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சறுக்கலைத் திறமைக்குறைவு என்று எழுதிவிடுவீர்கள்.

கடைசியாக, ஓடும்போதே 12 கெஜத்தில் பத்துப் பந்து: ஐந்து வலத்தோளுக்கு மேல், ஐந்து இடத்தோளுக்கு மேல். பந்தைப் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைக்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் முதல் ஓட்டக்காரர் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார். இது பழக்கத்தில் சரியாகும், ஆகவே அவரைக் கழித்துவிடாதீர்கள்.

கேள்வி: நண்பன் ஸ்டாப்வாட்ச் பிடித்தான், 40 கெஜத்துக்கு 4.7 வந்தது. நம்பலாமா?
– மாணவர், இராயபுரம்

பதில்: 0.2 விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்பியதைக் கண்ணால் பார்த்து விரல் அழுத்துவதற்குள் அவ்வளவு நேரம் ஓடிவிடும். முடிவுக்கோட்டில் மட்டும் வருவதை எதிர்பார்த்துச் சரியாக அழுத்திவிடுவோம். எனவே 4.9 என்று எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த முறை முதல் 10 கெஜத்தைத் தனியாக அளந்து அனுப்புங்கள்.